வயிற்றுப் பிள்ளையின் இரத்த வகை

கல்முனையில் ஒரு பெண் கர்ப்பம் தரித்தால், வீடு தேடி முதலில் வருபவர் அந்தப் பகுதியின் குடும்ப நல உத்தியோகத்தர். ஊரில் பலருக்கும் அவர் இன்னும் ‘மிட்வைஃப்’தான். அவர் பதிந்து கொடுக்கும் கர்ப்பவதி அட்டையில் உயரம், நிறை, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு இரத்த வகைக்கும் ஓர் இடம் உண்டு. ஓ பொசிட்டிவ், பீ பொசிட்டிவ் என்று எழுதப்பட்டால் அந்த இடத்தை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. இலங்கையில் 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு அங்கே ‘நெகட்டிவ்’ என்று விழும். இந்த அத்தியாயம் அந்த 5 பேருக்கும், அவர்களுடைய வீட்டாருக்கும், அவர்களைக் கவனிக்கும் கிளினிக் ஊழியர்களுக்கும் உரியது.

நெகட்டிவ் என்பது நோயல்ல. செங்குழியங்களின் மேற்பரப்பில் ‘டி’ எனப்படும் ஒரு புரதம் இல்லை, அவ்வளவுதான். சிக்கல் எழுவது, வயிற்றிலிருக்கும் பிள்ளை வாப்பாவிடமிருந்து அந்தப் புரதத்தைப் பெற்றிருக்கும்போது. பிரசவ நேரத்தில் பிள்ளையின் இரத்தம் கொஞ்சம் தாயின் இரத்தத்தில் கலக்கும். தாயின் உடல் அதை அந்நியமாகக் கண்டு, அழிப்பதற்கான பிறபொருளெதிரிகளை உண்டாக்கிக்கொள்ளும். அவை பெருகுவதற்குள் முதல் பிள்ளை பிறந்து தப்பிவிடும். ஆனால் உடல் அந்த அந்நியத்தை மறப்பதில்லை. அடுத்த பொசிட்டிவ் பிள்ளை வளரும்போது பிறபொருளெதிரிகள் நஞ்சுக்கொடியைக் கடந்துபோய் அதன் செங்குழியங்களை உடைக்கத் தொடங்கும். நிலைமை கடுமையானால் வயிற்றிலேயே குருதிச்சோகை, உடல் வீக்கம், இறப்பு. உயிரோடு பிறந்தாலும் மூளையைத் தாக்கும் அளவுக்குச் செங்கண்மாரி வரலாம்.

“மூத்த புள்ள சுகமாத்தானே பொறந்த, பொறகென்ன?” என்று உம்மாமார் கேட்பதுண்டு. இந்த விஷயத்தில் அந்த ஆறுதல் பேச்சுத்தான் ஆகப் பெரிய ஆபத்து. முதற்பிள்ளை தப்புவது இந்த நோயின் இயல்பு. இரண்டாவதுக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. இடையில் ஒரு கரு கலைந்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

தடுக்கும் மருந்து 1968 முதல் சந்தையில் இருக்கிறது. இங்கிலாந்தின் லிவர்பூலில் சிரில் கிளார்க், ரொனல்ட் ஃபின் ஆகியோரும், நியூயோர்க்கில் ஜோன் கோர்மன், வின்சென்ட் ஃப்ரெடா, வில்லியம் பொலக் ஆகியோரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கண்டடைந்த அன்டி-டி ஊசி அது. தாயின் உடல் விழித்துக்கொள்ளுமுன் கலந்த இரத்தத்தை அகற்றிவிடுவது அதன் வேலை. ஊசி இல்லாத காலத்தில், பொசிட்டிவ் பிள்ளையைப் பெற்ற நெகட்டிவ் தாய்மாரில் 100க்கு 16 பேர் வரை பாதிக்கப்பட்டார்கள். பிரசவத்துக்குப் பின் ஊசி போடத் தொடங்கியதும் அது 2க்கும் கீழே இறங்கியது. 28 ஆவது வாரத்தை ஒட்டி இன்னொரு ஊசியும் சேர்ந்த நாடுகளில் 1000க்கு 2 அல்லது 3 ஆகிவிட்டது. இவ்வளவு உறுதியாகத் தடுக்கக்கூடிய நோய்கள் மருத்துவத்தில் அதிகம் இல்லை. ஆனாலும் உலகத்தில் இந்த ஊசி தேவைப்படும் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது கிடைப்பதில்லை என்று 2020 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஊசி மருந்து தொழிற்சாலையில் இரசாயனம் கலந்து செய்யப்படுவதில்லை. மனிதர் தானம் செய்யும் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹரிசன் 2018 வரை 1,173 தடவை தானம் செய்யக் கையை நீட்டினார். 2025 பெப்ரவரியில் காலமானார். அவரைப் போன்ற சிலரை நம்பித்தான் உலகின் கையிருப்பு நிற்கிறது. 2023, 2024 ஆண்டுகளில் அமெரிக்காவிலேயே இதற்குத் தட்டுப்பாடு வந்தது. அயர்லாந்தில் 1970களின் பிற்பகுதியில் போடப்பட்ட அன்டி-டி ஊசி மருந்தில் ஹெபடைடிஸ் சி கலந்திருந்ததும், நூற்றுக்கணக்கான தாய்மார் பாதிக்கப்பட்டதும் 1994 இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. இன்றைய மருந்து பல கட்டச் சுத்திகரிப்பைக் கடந்து வருகிறது. இருந்தும், தேவையில்லாத ஒருவருக்கு மனிதப் பிளாஸ்மாவை ஏற்றக்கூடாது என்ற எண்ணம் ஐரோப்பாவில் அழுத்தமாக விழுந்ததற்கு அந்தக் கதையும் ஒரு காரணம்.

தேவையில்லாதவர் யார்? வயிற்றுப் பிள்ளையும் நெகட்டிவாக இருக்கும் தாய். அதைப் பிறக்குமுன் எப்படி அறிவது என்பதுதான் கேள்வி.

தாயின் கையிலிருந்து பிள்ளையின் விடை

முன்பு பெரும்பாலும் கையாண்ட வழி, வயிற்றில் ஊசி ஏற்றிப் பன்னீர்க்குட நீரை எடுப்பது. அதில் கரு கலையும் அபாயம் உண்டு. தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் கலந்து, தவிர்க்க நினைத்த தீங்கே நேரவும் கூடும்.

1997 இல் டெனிஸ் லோவும் அவருடைய குழுவினரும் கர்ப்பிணியின் பிளாஸ்மாவில் பிள்ளையின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதப்பதைக் காட்டினார்கள். நஞ்சுக்கொடியின் கலங்கள் உதிர்க்கும் துணுக்குகள் அவை. அடுத்த ஆண்டே அதே குழு, அந்தத் துணுக்குகளில் டி புரதத்துக்கான பரம்பரையலகைத் தேடிப் பிள்ளையின் இரத்த வகையைச் சொல்லலாம் என்று நிரூபித்தது. தருக்கம் எளியது. நெகட்டிவ் தாய்மாரில் மிகப் பெரும்பாலோரிடம் அந்தப் பரம்பரையலகே கிடையாது. அப்படியான ஒரு தாயின் இரத்தத்தில் அது தென்பட்டால், பிள்ளையிடமிருந்துதான் வந்திருக்க முடியும். பிள்ளை பொசிட்டிவ். தென்படாவிட்டால் நெகட்டிவ். தாயின் கை நரம்பிலிருந்து ஒரு குழாய் இரத்தம் போதும். பிரசவமாகிச் சில மணி நேரத்திலேயே அந்தத் துணுக்குகள் தாயின் உடலை விட்டு அகன்றுவிடுவதால், முந்திய பிள்ளையின் துணுக்கு இந்தப் பிள்ளையின் முடிவைக் குழப்பாது.

டென்மார்க் 2010 ஜனவரியில் இதை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. அங்கே 25 ஆவது வாரத்தில் இரத்தம் எடுப்பவர் பெரிய வைத்தியசாலையின் நிபுணர் அல்லர்; ஊர்க் குடும்ப வைத்தியர். பொசிட்டிவ் பிள்ளை என்று முடிவு வந்த தாய்க்கு மட்டும் 29 ஆவது வாரத்தில் ஊசி. நெதர்லாந்து 2011 ஜூலையில் தொடங்கியது. அங்கே 27 ஆவது வாரத்தில் எடுக்கும் இரத்தம் எல்லாம் அம்ஸ்டர்டாமில் உள்ள ஒரே ஆய்வுகூடத்துக்குப் போகிறது. அந்தத் திட்டத்தில் 25,789 தாய்மாரின் முடிவுகளைப் பிறந்த பிள்ளைகளின் இரத்தத்தோடு ஒப்பிட்டபோது, பொசிட்டிவ் பிள்ளையைத் தவறாக நெகட்டிவ் என்று சொன்னது 9 தடவைதான். இங்கிலாந்தில் 2016 இல் தேசிய வழிகாட்டலே இந்தச் சோதனையைப் பரிந்துரைத்தது. 11 வாரம் தாண்டியதும் அங்கே செய்கிறார்கள்.

இந்த நாடுகள் எல்லாம் இரத்தம் எடுக்கும் வேலையை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வைத்தன, ஆய்வை ஒரு சில மையங்களில் குவித்தன. நமது அமைப்புக்கு அது அந்நியமான ஏற்பாடு அல்ல. 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இலங்கையின் தாய்சேய் பராமரிப்பு வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது. மருதமுனை முதல் பொத்துவில் வரை கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் கீழ் எல்லா ஊரிலும் கிளினிக் உண்டு. சிக்கலான பிறபொருளெதிரிகளை அடையாளம் காணும் மேல்நிலை ஆய்வுகூடம் கொழும்பு நாரஹேன்பிட்டியில், தேசிய இரத்த மத்திய நிலையத்தில் இருக்கிறது. இடையில் இருப்பது ஓர் இரவுப் பஸ் பயணம்.

இந்தக் கரைக்கான கணக்கு

ஐரோப்பாவில் நல்லது என்பதாலேயே ஒன்று இங்கேயும் அதே அளவு பயன் தரும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பியரிடையே நெகட்டிவ் மிகுதி. அதனால் நெகட்டிவ் தாய்மாரின் பிள்ளைகளில் 100க்கு 40 வரை நெகட்டிவாகவே உருவாகின்றன. அத்தனை ஊசிகள் மிச்சம். நெகட்டிவ் 100க்கு 5 மட்டுமே உள்ள ஒரு சமூகத்தில், பரம்பரையியல் விதிப்படி கணக்கிட்டால், நெகட்டிவ் தாய்மார் 100 பேரில் 22 பேருக்கு மட்டுமே நெகட்டிவ் பிள்ளை வரும். அந்த 22 இல் ஏறத்தாழ 5 பேருக்குக் கணவரே நெகட்டிவ். கணவரும் நெகட்டிவ் என்றால் பிள்ளையும் நெகட்டிவ்தான். அதை அறிய டி.என்.ஏ. சோதனை வேண்டாம், கணவரின் விரல்நுனி இரத்தம் போதும். மீதி 17 பேருக்குத்தான் புதிய சோதனை புதிதாக ஒன்றைச் சொல்லும். மாமி மகன், மாமா மகன் என்று முறைக்குள்ளே கல்யாணம் முடித்திருந்தால் ஒரே மூத்தோரிடமிருந்து நெகட்டிவ் இருவருக்கும் வந்திருக்கக்கூடும். அப்போது 22 என்பது 32 அளவுக்கு ஏறும்.

ஆகவே எல்லா நெகட்டிவ் தாய்மாருக்கும் இந்தச் சோதனையை உடனே கொண்டுவா என்று கேட்பதைவிட, யாருக்கு முதலில் என்று கேட்பதே அறிவு. விடை தெளிவானது. ஏற்கெனவே பிறபொருளெதிரி உண்டாகிவிட்ட தாய்க்கு முதலில். அவளுக்கு அன்டி-டி ஊசி இனிப் பயன் தராது. பிள்ளை பொசிட்டிவாக இருந்தால், பிள்ளையின் மூளைக்குப் போகும் நாடியில் இரத்தம் ஓடும் வேகத்தை டொப்ளர் ஸ்கானில் மீண்டும் மீண்டும் அளந்து சோகையைக் கண்காணிக்க வேண்டும். இந்த அளவீட்டை ஜியான்கார்லோ மாரி குழு 2000 இல் நிலைநாட்டியது. சோகை முற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கே இரத்தம் ஏற்ற வேண்டும். நியூஸிலாந்தின் வில்லியம் லைலி 1963 இல் முதன்முதலில் செய்துகாட்டிய சிகிச்சை அது. பொத்துவிலில் இருக்கும் ஒரு தாய் இதற்காக ஓரிரு வாரத்துக்கு ஒரு தடவை நிபுணரைத் தேடிப் போவதென்றால் கூலி, துணைக்கு ஓர் ஆள், வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க இன்னோர் ஆள், இரவில் தூக்கமில்லாத பயம். பிள்ளை நெகட்டிவ் என்று ஒரு குழாய் இரத்தம் சொல்லிவிட்டால் அந்த அலைச்சல் முழுவதும் நின்றுபோகும். இந்தச் சோதனைக்கு அரசாங்கம் முதலில் செலவழிக்க வேண்டிய ரூபாய் இங்கேதான்.

மருமகனின் இரத்தம்

இந்தக் கரையோரத்தில் கல்யாணத்தோடு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குரியது. மிட்வைஃப் கதவைத் தட்டும்போது திறப்பவர் பெரும்பாலும் பெண்ணின் உம்மா. “மருமகனையும் ஒருக்கா ரத்தம் பார்க்கச் சொல்லுங்க உம்மா” என்று கேட்டால் சில வீடுகளில் முகம் சுருங்கும். மருமகனில் குறை தேடுவதுபோல அது ஒலிக்கிறது. அதனால் கேட்கும் விதம் முக்கியம். முடிந்தால் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, “வாப்பாட பிளட் குரூப் தெரிஞ்சா பிள்ளைக்கு எது தேவை, எது தேவையில்லை என்று சொல்லலாம்” என்று நேரே சொல்வது நல்லது. பெரும்பாலான ஆண்கள் மறுப்பதில்லை. யாரும் அவர்களிடம் கேட்காததுதான் குறை.

கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால் அங்கே செய்த இரத்தச் சோதனை அறிக்கையின் படத்தை அனுப்பச் சொல்லலாம். ஞாபகத்திலிருந்து சொல்லும் வகையும், ஏதோ ஓர் அட்டையில் எழுதியிருக்கும் வகையும் போதாது. ஊசி வேண்டாம் என்று முடிவெடுப்பதற்கு ஆய்வுகூட அறிக்கை வேண்டும். மறுமணம் என்றால் இந்தப் பிள்ளையின் வாப்பாவின் இரத்தம்தான் கணக்கு. கணவர் பொசிட்டிவ் என்று வந்தால் பிள்ளை பொசிட்டிவாக இருக்கும் என்றே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

எந்த வாரத்தில் என்ன

முதல் கிளினிக்கில் இரத்த வகையும், நெகட்டிவ் என்றால் பிறபொருளெதிரி இருக்கிறதா என்ற சோதனையும். இரண்டாவதை ‘கூம்ஸ்’ என்று எழுதிக் கொடுப்பார்கள். முந்திய பிரசவம், கலைந்த கரு, முன்பு ஏற்றிய இரத்தம், முன்பு போட்ட அன்டி-டி எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உம்மாவுக்கு முன்னால் சொல்லத் தயங்கும் ஒரு கருக்கலைவு இருந்தால் மிட்வைஃபைத் தனியே அழைத்துச் சொல்லலாம்.

28 ஆவது வாரத்தை ஒட்டிக் கூம்ஸ் மறுபடி. அந்தக் கட்டத்தில் அன்டி-டி போடுவதாக இருந்தால், இரத்தம் எடுத்த பிறகே ஊசி. ஊசி போட்டபின் எடுத்தால் ஊசி மருந்தே சோதனையில் பிறபொருளெதிரியாகத் தென்பட்டுக் குழப்பும். இந்த ஒழுங்கு மாறிப்போய்த் தாயும் வைத்தியரும் வீணாகக் கலங்கும் சந்தர்ப்பங்கள் உண்டு.

இடையில் இரத்தம் பட்டாலோ, மோட்டார் சைக்கிளிலோ ஆட்டோவிலோ போய் விழுந்து வயிறு அடிபட்டாலோ, பிள்ளையின் அசைவு நின்றாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். போனதும் முதலில் சொல்ல வேண்டிய சொல், “நான் நெகட்டிவ்.” பிரசவத்துக்கு இரத்த வங்கி உள்ள இடத்தைத் தேர்வதும் அவசியம். அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை என்று ஊருக்குள்ளேயே பெரிய வைத்தியசாலைகள் இரண்டு இருக்கின்றன. நெகட்டிவ் இரத்தம் எப்போதும் கையிருப்பில் இருக்கும் என்று எண்ணாமல், 34 ஆவது வாரத்துக்குள்ளேயே கிளினிக் வைத்தியரிடம் இதைப் பேசிக்கொள்வது நல்லது.

பிறந்ததும் கொடி இரத்தத்தில் பிள்ளையின் வகை பார்க்கப்படும். பொசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஊசி. பெருநாள் விடுமுறை, வெள்ளிக்கிழமை, வாரக் கடைசி எதற்கும் இந்தக் கடிகாரம் நிற்காது. 72 மணி தவறிவிட்டாலும் கைவிட்டுவிடக் கூடாது; 10 நாள் வரை போட்டாலும் ஓரளவு பாதுகாப்பு உண்டு.

“இரத்தத்திலிருந்து எடுத்ததாமே, ஆகுமா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பது நியாயம். உயிர் காக்க இரத்தம் கொடுப்பதை இந்தக் கரையின் பள்ளிவாசல்களே முகாம் நடத்தி ஊக்குவிக்கின்றன. சந்தேகம் இருப்பவர் பிரசவ அறையில் வைத்து அதைத் தீர்க்க முயலாமல், மாதங்களுக்கு முன்பே ஆலிமிடமும் வைத்தியரிடமும் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும்.

ஊசியை வெளியே வாங்க நேர்ந்தால் மருந்துக் கடையின் ரசீதையும் பெட்டியையும் பத்திரப்படுத்த வேண்டும். 2023 இல் அரச வைத்தியசாலைகளுக்குத் தரமற்ற இம்யூனோகுளோபுலின் வந்த விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அது அன்டி-டி அல்ல. ஆனால் அதே குடும்பத்து மருந்து. தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் கொண்டுவரப்பட்டதா என்பது, இந்த மூன்றையும் கேட்கத் தாய்க்கு முழு உரிமை உண்டு.

டி.என்.ஏ. சோதனையைத் தனியார் ஆய்வுகூடத்தில் செய்ய நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டவுன் சின்ட்ரோம் போன்றவற்றுக்காகத் தாயின் இரத்தத்தை எடுத்து அனுப்பும் சோதனை வேறு, இது வேறு. முன்னதற்குப் பணம் கட்டிவிட்டு இரத்த வகையும் வரும் என்று காத்திருந்து ஏமாற வேண்டாம். டி வகை அதில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்க வேண்டும். 11 வாரத்துக்கு முன் எடுத்தால் பிள்ளையின் துணுக்குகள் போதாமல் பொய்யாக நெகட்டிவ் வரும் வாய்ப்புக் கூடும். தாய்க்குப் பிறபொருளெதிரி இருந்து, சோதனை நெகட்டிவ் என்று சொன்னால், பிந்திய வாரத்தில் மறுபடி எடுத்து உறுதிசெய்வது வழக்கம். ‘முடிவு தெளிவில்லை’ என்று வந்தால் பொசிட்டிவ் என்றே நடத்த வேண்டும். இரட்டைப் பிள்ளைகள் என்றால், ஒன்று பொசிட்டிவாக இருந்தாலே முடிவு பொசிட்டிவ். சோதனை என்ன சொன்னாலும் பிறந்தபின் கொடி இரத்தம் பார்ப்பதை நிறுத்தக் கூடாது. அந்த அரிதான தவறைப் பிடிக்கும் கடைசி வாய்ப்பு அதுதான்.

பிரசவம் முடிந்து துண்டு வெட்டித் தரும்போது, பிள்ளையின் இரத்த வகையும், அன்டி-டி போட்ட திகதியும் நேரமும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எழுதாவிட்டால் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.